கரும்பு உழவர் முடிவெடுக்கும் மாதம்

கரும்புக்குத் தழைச்சத்தை நட்ட 30, 60, 90 ஆம் நாட்களில் மூன்றாகப் பிரித்து இட வேண்டும் என்பது காவிரிக் கரையில் கரும்பு வைக்கும் எவருக்கும் புதிய செய்தியன்று. ஏக்கருக்குச் சுமார் 110 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. முழுவதையும் யூரியாவாகக் கொடுப்பதானால் ஒரு தவணைக்கு ஏறக்குறைய 80 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. கணக்கு இவ்வளவுதான். இருந்தும் மூன்றாம் தவணை பல தோட்டங்களில் நாள் கடந்தே போய்ச் சேருகிறது. சில தோட்டங்களில் போவதே இல்லை. காலம் தப்பி இடும் தழைச்சத்து கரும்பின் முதிர்ச்சியைத் தள்ளிப்போடும். சாற்றின் தரத்தைக் குறைக்கும். வெல்லம் காய்ச்சினால் நிறமும் கெடும். இதுவும் உழவருக்குத் தெரியும்.

தெரிந்ததை ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு விரிவாக்கத் துறையினர் நெடுங்காலம் சொல்லி வந்த பதில், ‘இன்னும் விழிப்புணர்வு போதவில்லை’ என்பது. எனவே இன்னொரு கூட்டம், இன்னொரு துண்டுப் பிரசுரம், இன்னொரு செயல்விளக்கத் திடல். இவற்றில் தவறில்லை. ஆனால் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை ஆராய்ந்த அறிஞர்கள் கடந்த எண்பது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றைப் பார்த்தால், நோய் வேறிடத்திலும் இருக்கிறது என்பது விளங்கும்.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கமே ஒரு பயிரில்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்பதை பிரைஸ் ரையன், நீல் கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943ல் வெளியிட்டனர். இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 உழவர்களில் இருவர் நீங்கலாக அனைவரும் 1928க்கும் 1941க்கும் இடையில் புதிய விதைக்கு மாறியிருந்தனர். விதையைப் பற்றி முதலில் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளர். ஆனால் விதைக்கச் செய்தது பக்கத்துத் தோட்டக்காரரின் சொல். நல்ல விதை என்று கேள்விப்பட்டும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பின்னர் எவரெட் ரோஜர்ஸ் 1962ல் எழுதிய நூலில் உழவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். கடைசியாக மாறுவோருக்கு அவர் வைத்த பெயர் தமிழ்ப் பாடநூல்களில் ‘பின்தங்கியோர்’ என்று வந்து சேர்ந்தது. அந்தச் சொல் செய்த தீங்கு கொஞ்சமன்று. மூன்று ஏக்கரும் மூன்று கடனும் வைத்திருப்பவர் ஒரு பரிந்துரையை ஏற்கவில்லை என்றால், அவர் காரணத்தைக் கேட்பதற்கு முன்பே அவர் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது.

சிறு உழவர் இயல்பாகவே துணிவற்றவர் என்பதும் இதே போன்ற ஒரு எண்ணம். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வுக் கிராமங்களில் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் இதைச் சோதித்தார். கேள்வித்தாளை நீட்டி ‘நீங்கள் துணிவானவரா’ என்று கேட்காமல், காசைச் சுண்டிப் போட்டு உண்மையான பணத்தையே பந்தயமாக வைத்தார். கூலியாளின் மாத வருமானத்தை மிஞ்சும் தொகைகளும் அதில் இருந்தன. 1980ல் வெளியான முடிவு பலருக்கு வியப்பைத் தந்தது. தொகை பெரிதாகும்போது பெரும்பாலோர் நிதானமாகவே நடந்துகொண்டனர். சொத்துள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இந்த நிதானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பெரிய பண்ணை புதிய ரகத்தில் முதலீடு செய்வதும் சிறிய பண்ணை தயங்குவதும் மனத்துணிவின் வேறுபாட்டால் அல்ல. கடனும் இடுபொருளும் யாருக்கு எளிதில் கிடைக்கின்றன என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது.

கேள்விகளின் வரிசை

உழவர் தம் முடிவை எப்படி எடுக்கிறார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு வரைந்து பார்க்கும் முறை ஒன்று உண்டு. 1970களில் மெக்சிகோவின் பியூப்லா பகுதி மக்காச்சோள உழவர்களிடம் கிறிஸ்டினா கிளாட்வின் இதைச் செய்தார். உரமிடும் காலம் முதலான பரிந்துரைகளை அவர்கள் ஏற்றதற்கும் ஏற்காததற்கும் சொன்ன காரணங்களை, சொன்ன வரிசையிலேயே, கிளை பிரியும் மரம் போலக் கேள்விகளாக எழுதினார். பிறகு அந்த மரத்தை வேறு உழவர்களிடம் பொருத்தி, அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை அது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தார். பெரிய கணிதம் எதுவும் இதில் இல்லை. காது கொடுத்துக் கேட்கும் பொறுமைதான் வேண்டும்.

ஜேடர்பாளையம் தடுப்பணையில் பிரியும் ராஜா வாய்க்கால் பாசனத்தில் கரும்பு, வாழை, வெற்றிலைக் கொடிக்கால், தென்னை என்று பல பயிர்கள் உண்டு. கரும்பு உழவருக்கு இங்கே இரண்டு வாசல்கள். ஒன்று மோகனூரில் உள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. மற்றொன்று ஊர்ப்பக்கத்து வெல்ல ஆலைக் கொட்டகை. கொட்டகையில் காய்ச்சிய உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குப் போகின்றன. கரும்பை எந்த வாசலுக்கு அனுப்புவது என்ற முடிவை மரமாக வரைந்தால் அது ஏறக்குறைய இப்படி அமையும்.

கரும்பு ஆலைக்குப் பதிவாகியிருக்கிறதா? ஆம் என்றால் வழி ஒன்றுதான். இல்லை என்றால், அதன் மேல் யாரிடமாவது முன்பணம் வாங்கியாகிவிட்டதா? வாங்கியிருந்தால் அவர் கொட்டகைக்கே போக வேண்டும். மரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வாங்கவில்லை என்றால், வெட்ட ஆள் எப்போது கிடைப்பார்கள்? அடுத்த பட்டத்துக்கு நிலம் எந்தத் தேதிக்குள் காலியாக வேண்டும்? இவ்வளவும் தாண்டிய பிறகுதான் ‘இன்று சிப்பம் என்ன விலை’ என்ற கேள்வி வருகிறது. வானொலியும் நாளிதழும் நாள்தோறும் சந்தை விலை சொல்கின்றன. நல்ல தொண்டுதான். ஆனால் விலையைக் கேட்டு முடிவை மாற்றிக்கொள்ளக்கூடியவர், முந்தைய கேள்விகளில் எதிலும் சிக்காமல் வந்து சேர்ந்த உழவர் மட்டுமே. மற்றவருக்கு அது செய்தி, அவ்வளவே.

ஆக, பல சிறு உழவர்களுக்குக் கரும்பின் விலை வெட்டும் நாளில் முடிவாவதில்லை. நான்கைந்து மாதங்களுக்கு முன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டில் ஒருவரின் மருத்துவச் செலவுக்கோ முன்பணம் கேட்டுப் போன அன்றே முடிவாகிவிடுகிறது. அந்த நாளில் அவர் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்களிடம் நடந்த ஆய்வு

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகளில் உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட ஒன்று, தமிழ்நாட்டுக் கரும்பு உழவர்களிடமே நடத்தப்பட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்கள் அதில் பங்கேற்றனர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் அதன் முடிவை 2013ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர். வெளிநாட்டு மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லப்பட்ட இந்தச் செய்தி, ஆய்வுக்கு உட்பட்ட கரும்புத் தோட்டங்களுக்குப் போதிய அளவு திரும்பி வரவில்லை.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கரும்பு உழவருக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வருகிறது. வெட்டு முடிந்து பட்டுவாடா ஆன மாதத்தில் அவர் வசதியானவர். அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதத்தில் அவரே நெருக்கடியில் இருப்பவர். ஆளும் மாறவில்லை, நிலமும் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை. மாறியது கையிருப்பு ஒன்றே. மேலும், வெட்டு உத்தரவு ஆலையால் பல மாதங்களுக்குப் பரவலாகத் தரப்படுவதால், ஒரே சமயத்தில் ஒருவர் வெட்டு முடித்தும் மற்றொருவர் காத்திருந்தும் இருப்பார்கள். எனவே வெயில், மழை, பண்டிகை ஆகியவற்றின் விளைவையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

வெட்டுக்கு முன் இந்த உழவர்களில் 78 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் அது 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13 சதவீதம். இந்த எண்கள் எந்தக் கரும்பு உழவருக்கும் வியப்பைத் தரமாட்டா. வியப்பு அடுத்ததில் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் இரு சமயங்களிலும் எளிய சோதனைகள் தரப்பட்டன. ஒன்று, படங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது. படிப்பறிவு இதற்குத் தேவையில்லை. வெட்டுக்கு முன் சராசரியாகச் சரியான விடைகள் 4.35, வெட்டுக்குப் பின் 5.45. மற்றொன்று கவனச் சோதனை. 5 5 5 என்று எழுதிக் காட்டினால் ‘ஐந்து’ என்று சொல்லாமல், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணி ‘மூன்று’ என்று சொல்ல வேண்டும். வெட்டுக்கு முன் இதை முடிக்க 146 விநாடிகள் ஆயின. வெட்டுக்குப் பின் 131 விநாடிகள். தவறுகளும் 5.93லிருந்து 5.16 ஆகக் குறைந்தன. இரண்டாம் முறை எழுதியதால் பழகிவிட்டதோ என்ற ஐயத்தைப் போக்க, 100 உழவர்களுக்கு வெட்டுக்குப் பின் மட்டுமே சோதனை வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் முடிவு மாறவில்லை. சாப்பாட்டுக் குறைவோ உடல் உழைப்போ இதற்குக் காரணமில்லை என்றும் கண்டார்கள்.

பணமில்லாதவருக்கு அறிவு குறைவு என்று இதற்குப் பொருள் கொள்வது பெருந்தவறு. ஒரே மனிதர்தான் இரு முறையும் எழுதினார். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் கிணற்று மோட்டார் குறைவாக நீர் இறைக்கிறது. அதற்காக மோட்டாரைக் கழற்றி எறிவதில்லை. வட்டி கட்டும் தேதி, கடைக்காரரின் பாக்கி, மீட்காத நகை என்று மனம் சதா கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வேறு ஒன்றைக் கூர்ந்து எண்ணிப் பார்க்க மிஞ்சும் இடம் சுருங்கிவிடுகிறது.

இந்த ஆய்வை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் கருத வேண்டாம். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016ல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சம்பளத்துக்கு இரண்டு வாரம் காத்திருப்பதும் கரும்புக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருப்பதும் ஒன்றா என்பது நியாயமான கேள்வி. எண்களைப் பற்றிய வாதம் அறிஞர்களிடையே தொடரட்டும். நெருக்கடி மாதத்தில் எடுத்த முடிவு எவ்வளவு விலை கேட்கிறது என்பதை ஜேடர்பாளையம் உழவர் ஒரு காகிதத்தில் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முன்பணத்தின் வட்டி

உதாரணத்துக்கு, இரண்டு ஏக்கர் கரும்பு. ஏக்கருக்கு 40 டன் வீதம் 80 டன். வெட்டுக்கு நான்கு மாதம் முன் 20,000 ரூபாய் முன்பணம். வட்டி கிடையாது என்கிறார் கொடுப்பவர். கரும்பைத் தமக்கே தர வேண்டும், விலையில் டன்னுக்கு 100 ரூபாய் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே பேச்சு. நூறு ரூபாய் சின்னத் தொகையாகக் காதில் விழுகிறது. 80 டன்னுக்கு அது 8,000 ரூபாய். 20,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 8,000 என்றால் 40 சதவீதம். ஆண்டுக்கு 120 சதவீதம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. அந்த வட்டியை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவர் வாங்கியே இருக்க மாட்டார்.

இதே உழவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. நகையை வங்கியில் வைத்தாலும் மேற்சொன்ன வட்டியில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆனால் சங்கத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும், பல நடை நடக்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். முன்பணம் கொடுப்பவர் வீட்டுத் திண்ணைக்கே வருகிறார். பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே இதை விளக்கினார். மனிதர் எல்லா வழிகளையும் அலசிச் சிறந்ததைத் தேடுவதில்லை. போதுமானது ஒன்று கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திக்கொள்கிறார். நெருக்கடியில் இருப்பவருக்கு, முதலில் வந்தது போதுமானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. முன்பணம் தரும் எல்லோரும் தீயவர் என்று சொல்வதற்கில்லை. அவசரத்துக்கு ஓடி வந்து உதவியவர்களும் உண்டு. விலையைப் பேசும் நாள் தவறானது என்பதே இங்கு சொல்ல வருவது.

பணம் வந்த மாதத்தில் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. அப்போது வேறு வகை இடர். கென்யா நாட்டில் மக்காச்சோள உழவர்களிடம் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் ஆகியோர் செய்த ஆய்வு 2011ல் வெளியாயிற்று. அறுவடை முடிந்ததும் அடுத்த பயிருக்கு உரம் வாங்க வேண்டும் என்று அங்கே பலர் எண்ணியிருந்தார்கள். உரமிடும் நாள் வருமுன் பணம் வேறு வழிகளில் கரைந்துவிட்டது. அறுவடை முடிந்த உடனே வீடு தேடிப் போய், ‘இப்போதே உரத்துக்குப் பணம் கட்டுங்கள், வேண்டும்போது கொண்டுவந்து தருகிறோம்’ என்று கேட்டபோது உரம் இட்டவர்கள் கணிசமாகக் கூடினார்கள். விலையில் சலுகை இல்லை. கொண்டுவந்து தரும் செலவு மட்டுமே இலவசம். பிந்திய நாளில் பாதி விலைக்கு உரம் தந்ததற்கு இணையான பலன் இதில் கிடைத்தது. மானியத் தொகையை ஆண்டுதோறும் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள், தேதியை மாற்றச் சொல்லியும் கேட்கலாம்.

எனவே ஆலையும் கூட்டுறவுச் சங்கமும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கரும்புப் பணம் பட்டுவாடாவாகும் அதே வாரத்தில், விரும்பும் உழவரிடம் உரத்துக்கான தொகையைப் பெற்றுச் சீட்டுக் கொடுத்து, 30, 60, 90 ஆம் நாட்களில் மூட்டையை வழங்க வேண்டும். கட்டாயப் பிடித்தம் கூடாது. அது வேறு வழக்குகளுக்கு இடம் தரும். அதற்கு முன் ஆலை நிருவாகங்கள் பட்டுவாடாவை ஒழுங்காகச் செய்ய வேண்டும். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். பணம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் நெருக்கடி மாதத்தின் நீட்சியே. மறுதாம்புக் கரும்புக்குக் கூடுதலாக 25 சதவீதத் தழைச்சத்தை வெட்டிய ஒரு வாரத்துக்குள் இட வேண்டும் என்பது பரிந்துரை. பணமோ சட்டப்படி வந்தால்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த ஒரு தவணைக்காவது உரத்தை முன்கூட்டிக் கடனாகத் தர ஆலைகள் முன்வருவது நல்லது.

வேளாண்மைத் துறையும் தன் நாட்காட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மறுதாம்பு விடுவதா, உழுதுவிட்டு வாழை வைப்பதா, சொட்டு நீர் போடுவதா என்ற பெரிய முடிவுகளைப் பற்றிய கூட்டங்கள், வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்த பதினைந்து நாட்களில் நடக்கட்டும். வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும் மாதத்தில் நான்கு பக்கப் படிவத்தை நீட்டி நாளைக்குள் நிரப்பித் தரச் சொல்வதை நிறுத்த வேண்டும். அந்த மாதத்தில் ஒரு பக்கம் போதும். அதையும் களப்பணியாளரே உடனிருந்து நிரப்பித் தரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடகுக்குப் போகும் நகை பெரும்பாலும் மனைவியுடையது. முன்பணம் வாங்குவதா, நகை வைப்பதா என்ற பேச்சில் அவர் இருக்கிறார். உழவர் கூட்டத்து அழைப்பில் மட்டும் அவர் பெயர் இருப்பதில்லை.

உழவர் பெருமக்கள் தம் அளவில் செய்யக்கூடியது, நெருக்கடி மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளில் சிலவற்றைப் பணம் உள்ள மாதத்துக்கு இழுத்து வந்துவிடுவது. வரும் ஆண்டில் கல்லூரிக் கட்டணம் எப்போது, எவ்வளவு என்பது முன்பே தெரிந்ததுதான். அந்தத் தொகையைப் பட்டுவாடா நாளிலேயே தனிக் கணக்கில் போட்டுவிட்டால் முன்பணம் கேட்டுப் போகும் நாள் ஒன்று குறையும். பயிர்க்கடன் புதுப்பிக்கும் காகிதங்களையும் அப்போதே எடுத்து வைக்கலாம். முன்பணம் தவிர்க்க முடியாததானால், ‘டன்னுக்கு எவ்வளவு குறைப்பு’ என்று கேட்பதோடு நிற்காமல் மொத்த டன்னால் பெருக்கி, வாங்கும் தொகைக்கு அது மாதம் எத்தனை ரூபாய் வட்டி என்று எழுதிப் பார்த்து, ஓர் இரவு கழித்துப் பதில் சொல்லலாம்.

உரத்துக்கும் அப்படியே. நட்ட அன்றே மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவிட வேண்டும். மார்ச் 1ஆம் தேதி நட்ட கரும்புக்கு அவை மார்ச் 31, ஏப்ரல் 30, மே 30. மூன்றாம் தவணைக்கான மூட்டைகளை முதல் தவணையோடு சேர்த்து வாங்கி, ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்கி வைத்தால், மே மாதக் கடைசியில் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தேவை இராது.